முடியாது என்று சொல்கிறவர்

ஜும்மா முடிந்து படியிறங்கினால் செருப்பைக் காணோம் என்பது எங்கள் ஜாவாப் பக்கத்தில் புதிதல்ல. அந்த வெள்ளிக்கிழமை ஒரு கிழவருக்கு அது நடந்தது. மாவட்ட நிலத்திட்ட அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசல் படியில் நின்றுகொண்டு, மிச்சமிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகக் காலால் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையோரக் கிராமத்திலிருந்து வந்தவர் போலிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நல்ல வெயில். தரை முழுக்கக் கருங்கல் ஜல்லி.

அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் மர்கோனோ ஐயா, எங்கள் வழக்கில் பாக் மர்கோனோ, ஒரு ஜோடித் தோல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"பெரியவரே, இது உங்களது இல்லையா?"

"இல்ல பாக். என்னுது நீலம். வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டினது."

"அப்ப யாரோ உங்களத மாட்டிக்கிட்டு இத விட்டுட்டுப் போயிட்டாங்க. இனி திரும்பி வர மாட்டாங்க. நீங்க இத போட்டுக்கிட்டுப் போங்க."

கிழவர் தயங்கித் தயங்கிப் போட்டுக்கொண்டார். இரண்டு விரல் அளவு பெரிதாக இருந்தது. அவர் வாசலைத் தாண்டும் வரை பாக் மர்கோனோ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நுனிக்காலில், சுடுசோற்றில் கை வைத்தவர் போல, ஜல்லியைக் கடந்து அலுவலகத்துக்குள் ஓடினார். அந்தச் செருப்பு அவருடையது. காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் என் முன்னால் நடந்து போனார். பெண்கள் பக்கத்தில் லுஹர் தொழுகை முடித்துவிட்டு நின்றிருந்த நான் எல்லாவற்றையும் பார்த்தேன். மாலையில் வெறுங்காலோடுதான் மோட்டார் சைக்கிளை மிதித்துக் கிளப்பினார். பொய்யே சொல்லாதவர் என்று ஊரில் பேர் எடுத்தவர். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவருக்கு அந்த அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல். ஒரு நிலத்தில் கடை போட வேண்டும், பட்டறை வைக்க வேண்டும், கோழிக் கொட்டகை கட்ட வேண்டும் என்றால், அந்த இடம் அந்தக் காரியத்துக்குப் பொருந்துமா என்று பார்த்து ஒப்புதல் தருகிற ஜன்னல். ஒப்புதல் இல்லாமல் உரிமம் இல்லை. உரிமம் இல்லாமல் கடைக்காரர்கள் சரக்கை வாங்க மாட்டார்கள். இப்போதெல்லாம் விண்ணப்பத்தைக் கைபேசியிலேயே போடலாம் என்கிறார்கள். போடலாம்தான். போட்டுவிட்டு மறுநாள் காலையில் எல்லோரும் மூன்றாம் ஜன்னல் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான மனிதர். கழுத்து மட்டும் நீளம், ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்தே வளர்ந்ததுபோல. வியாழக்கிழமை என்றால் மெழுகுச் சாயமிட்ட பத்திக் சட்டை. அதுவும் ஒரே சட்டை, பழுப்பில் மயில். மேசைமேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேநீர்க் குடுவை. விண்ணப்பம் போட்டவர்கள் வாங்கிக் கொடுக்கும் தேநீரையோ வறுத்த சோயாத் தெம்பேயையோ தொட மாட்டார். அதற்காக முகத்தைச் சுளிக்கவும் மாட்டார். "நீங்களே சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்று தட்டைத் திருப்பி வைப்பார். கொண்டுவந்தவரே அவர் எதிரில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ரப்பர் வளையம் இருக்கும், குழாய்க்குப் போடுவது. ஒழுகும் குழாயைப் பார்த்தால் அவரால் தாண்டிப் போக முடியாது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூ செய்கிற இடத்தில் பன்னிரண்டு குழாய்கள். எல்லாமே அவர் கைபட்டவை. தொழுகைக்கு வந்த இடத்தில் முழங்கைவரை நனைந்துகொண்டு குழாயைத் திருகிக்கொண்டிருப்பார். ஆமீன் சொல்வதில் மட்டும் எல்லோரையும்விட ஒரு மூச்சு முந்திவிடுவார். இமாம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இதெல்லாம் சின்ன விஷயங்கள். ஊர் அவரைப் பேசுவது வேறொன்றுக்காக.

எங்கள் ஜாவாவில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தால் "பொண்ணு இன்னும் சின்னது" என்போம். அவளுக்கு முப்பது வயது நடக்கும். கேட்க வந்தவர்களும் புரிந்துகொண்டு, சிரித்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அலுவலகத்திலும் அதே மரியாதை. முதல் ஜன்னலில் "இன்னும் ஆகல" என்பார்கள். இரண்டாம் ஜன்னலில் "மேல கேட்டுச் சொல்றோம்" என்பார்கள். பெண் விஷயத்தில் புரிகிற மாதிரி நில விஷயத்தில் புரிவதில்லை. ஆசை மறைக்கும். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் "இன்னும் ஆகல"வை நம்பி மரம் அறுத்து அடுக்கி வைத்தார். கரையான் தின்று முடிக்கிறவரை அது ஆகவில்லை.

பாக் மர்கோனோ முடியாது என்று சொல்வார். நீளமான கழுத்தை வெளியே நீட்டி, கண்ணைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொல்வார். முதல் தடவை கேட்கிறவர்களுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும்.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில் டிமாஸ் என்ற பையன் வந்தான். செமாராங்கில் படித்துவிட்டு வந்தவன். தலைமுடியை மேலே தூக்கிக் கட்டியிருந்தான்.

"பாக், ஒரு சின்ன காப்பிக் கடைதான். நாலு நாற்காலி."

"எங்க?"

"வயலுக்கு நடுவுல. சிண்டோரோ மலை அப்படியே தெரியும். வர்றவங்க போட்டோ எடுப்பாங்க."

"முடியாது."

"சிமெண்டே கிடையாது பாக். எல்லாம் மூங்கில்!"

"மூங்கிலோ தங்கமோ, அது நெல்லு நிக்கிற இடம். முடியாது."

"வயலப் பாக்கத்தானே பாக் வரப் போறாங்க?"

"எல்லாரும் வந்து உக்காந்துட்டா எந்த வயலப் பாப்பாங்க?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தோம். பையன் முகம் செத்துவிட்டது. பாக் மர்கோனோ எழுந்து வெளியே வந்தார். முடியாது என்று சொன்ன பிறகு அவர் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பதில்லை, அதுதான் வழக்கம். ஆளைக் கையோடு சுவர் வரைபடத்துக்கு அழைத்துப் போவார். அதில் நெல் வயல் பச்சை, குடியிருப்பு மஞ்சள், தோட்டம் வெளிர்ப்பழுப்பு. விரலை மஞ்சளில் வைத்தார்.

"இது உங்க மாமா வீட்டுத் தெருதானே? அவரு மொட்டைமாடி சும்மாதான கிடக்கு. அங்கிருந்தும் மலை தெரியும். தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னு நான் ஏறிப் பாத்திருக்கேன்."

வாசல்வரை கூட நடந்து வந்து வழியனுப்பினார். அந்தக் காப்பிக் கடை இப்போது மொட்டைமாடியில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் இடம் கிடைப்பதில்லை. டிமாஸ் இன்னும் அவரை "பாக் முடியாது" என்றுதான் சொல்கிறான். பாதி ஊர் அப்படித்தான் சொல்கிறது. அவருக்கும் தெரியும்.

காலைச் சந்தையில் கீரையும் வேர்க்கடலைத் துவையலும் கலந்து பெசல் விற்கிறாரே இபு வார்னி, அவர்தான் இவருடைய மனைவி. இபு என்றால் அம்மா. ஒருநாள் இலையில் மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுலயும் அதே கதைதான் இபு. புதுச் சட்டை எனக்கு நல்லா இருக்கான்னு கேட்டா, 'இல்ல'ங்குறாரு. எந்த ஆம்பளையாவது அப்படிச் சொல்வானா?"

"பிறகு ஏன் கேக்குறீங்க?"

"என்னிக்காவது 'நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டா அது நிஜம் பாருங்க. அதுக்காகத்தான்."

பாக் மர்கோனோ என்னிடமும் முடியாது என்று சொன்னார். அதைச் சொன்னால்தான் இந்த மனிதரைச் சொன்னதாகும்.

நாங்கள் மரவள்ளி மாவு வடகம் போடுகிறவர்கள். மாவைப் பூண்டும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, நூலாகப் பிழிந்து வட்டமாகச் சுற்றி, ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் காயவைத்து, கடைகளுக்குக் கொடுப்பது. கெருபுக் என்கிற இந்த வடகம் இல்லாமல் எங்கள் பக்கத்தில் சோறு இறங்காது. சுற்றுகிற பெண்கள் என்னோடு சேர்த்து ஏழு பேர். மூன்று பேர் விதவைகள். சந்துக்குள் என் வீட்டுப் பின்கட்டில்தான் அடுப்பு. விறகுப் புகை எதிர்வீட்டுக்குள் போகும். எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு இழுப்பு வந்தது. அவள் அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலை மூடி ஈரத்துணி தொங்கவிட்டாள். துணி எங்களுக்குக் கேட்கும்படி பேசியது. தெருக்கூட்டத்தில் நோன்பு மாதத்துக்குள் அடுப்பை வேறிடம் கொண்டுபோவது என்று நானே ஒப்புக்கொண்டேன். இல்லாவிட்டால் அணைத்துவிடுவது.

போகிற இடம் ஒன்றுதான். என் கணவர் விட்டுப்போன நிலம், கிராமச் சாலையை ஒட்டி, கீழே சரிந்து வாய்க்கால்வரை போகும். நடுவில் ஒரு பலா மரம். மேட்டில் அடுப்பு, சரிவில் தட்டிகள் என்று நான் மனதுக்குள் கட்டி முடித்திருந்தேன்.

பாக் மர்கோனோ திரையைப் பார்த்தார். கழுத்தை நீட்டினார்.

"முடியாது இபு."

"எங்க நிலம்தான் பாக்."

"உங்க நிலம்தான். யாரும் இல்லேன்னு சொல்லல. முழுக்கப் பச்சையா இருக்கு. வேற எதுக்கும் மாத்தக் கூடாத காப்பு நெல் வயல். அடுப்பு வைக்க முடியாது."

"மேட்டுல நெல்லா? அங்க மரவள்ளியும் வாழையும்தானே பாக் இருக்கு. தண்ணியே ஏறாது."

அவர் என்னைப் பார்த்தார். "அறுவடை விழா வருஷம் நீங்களும் விதைச்சீங்களா?"

விதைத்தோம். சொல்லாமல் என்ன? அந்த வருஷம் மாவட்டத் தலைவர் எங்கள் ஊருக்கு அறுவடை விழாவுக்கு வந்தார். சாலையிலிருந்து மலைவரை ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும் என்று கிராமத் தலைவர் கேட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் பத்துப் பேர் கூடிவிட்டால் பதினோராவது ஆள் வீட்டில் இருக்க முடியாது. தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம், கோழி மேய்கிற கொல்லை, எல்லாவற்றிலும் நெல் விதைத்தோம். மேட்டுக்குத் தண்ணீரைக் குடத்தில் தூக்கினோம். விழா பிரமாதம். மேளம், மஞ்சள் சோற்றுக் கோபுரம், எல்லாம். அதே பருவத்தில்தான் மேலிருந்து படம் எடுத்து வரைபடம் போட்டார்கள். விழா முடிந்து நெல்லை அறுத்து மறுபடி மரவள்ளி வைத்தோம். வரைபடத்தில் மட்டும் நெல் நின்றுவிட்டது.

"நம்ம ஊரே சேர்ந்து பச்சை அடிச்சிருக்கு இபு," என்றார். சிரிக்கவில்லை.

எழுந்து வெளியே வந்தார். வரைபடத்துக்குப் போகவில்லை. எனக்குக் காட்ட வேறு மஞ்சள் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலருகே நின்று, நேரில் வந்து பார்க்கும்படி கிராமத் தலைவர் மூலம் கேட்கலாம் என்றார்.

"பாத்தா குடுத்துடுவீங்களா?"

"தெரியாது. பாத்தத எழுதுறது என் வேலை. கையெழுத்து மேல." கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். "உங்க வாய்க்கால்ல முறைத் தண்ணி என்னிக்கு வருது?"

"வியாழக்கிழமை பாக்."

"அப்ப வியாழக்கிழமை வர்றேன். தண்ணி விடாத நாள்ல வந்தா எல்லா வயலும் மேடு மாதிரிதான் இருக்கும்."

அவரோடு வேலை செய்கிறவர்கள் கைபேசியோடு எந்த நாளிலும் வந்து நான்கு மூலையில் நின்றுவிட்டுப் போவார்களாம். இவருக்குத் தண்ணீர் வேண்டும். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. தண்ணீர் ஏறாது என்று மனதார நம்பினேன். அதிகாலை சுபுஹுத் தொழுகையில் அதையே கேட்டு துஆ செய்தேன்.

வியாழக்கிழமை வந்தார். எங்களுக்குச் சலாம் சொல்லிவிட்டு, நிலத்தின் ஓரத்தில் நின்று மண்ணுக்கும் ஒரு தடவை சலாம் சொன்னார். செருப்பைக் கழற்றிப் பலா மரத்தடியில் ஜோடியாக வைத்தார். என் கொழுந்தன் பர்ஜான் முன்னாலேயே வந்து குந்தியிருந்தான். கிராமத் தலைவர் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். நாலு மூலையையும் கைபேசியில் குறித்துக்கொண்டு, பாக் மர்கோனோ வரப்பில் உட்கார்ந்து தன் குடுவையைத் திறந்தார். தண்ணீர் வர வேண்டிய நேரம் தாண்டியது. வாய்க்கால் வறண்டு கிடந்தது.

"பாத்தீங்களா பாக்," என்றான் பர்ஜான். "எப்பவும் இப்படித்தான். இந்த வாய்க்கால் பேருக்குத்தான் வாய்க்கால்."

"அப்படியா தம்பி?"

"நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். ஒரு சொட்டு வராது."

பாக் மர்கோனோ குனிந்து வாய்க்காலுக்குள் பார்த்தார். அடியில் ஒரு கையளவு சேற்றுத் தண்ணீர். அதில் விரல்நீள மீன்கள் நாலு துள்ளிக்கொண்டிருந்தன.

"இவங்களும் பொறந்ததுலேருந்து இங்கதான் இருக்காங்க போலிருக்கு," என்றார். "எதக் குடிச்சு உசிரோட இருக்காங்கன்னு தெரியல."

கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலிலேயே இறங்கி மேலே நடந்தார். நாங்கள் கரையில் பின்தொடர்ந்தோம். பர்ஜான் பின்தங்கிக்கொண்டே வந்தான். மூங்கில் புதர் திரும்புகிற இடத்தில் மடை இருக்கிறது. மடைக்குக் குறுக்கே முழு வாழை மரம் ஒன்று வெட்டிப் போடப்பட்டிருந்தது. இடுக்கில் வைக்கோல். வெட்டுவாயில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே தண்ணீர் மடைகொள்ளாமல் நின்று, பக்கத்து ஓடையில் வீணாக வழிந்துகொண்டிருந்தது. கீழ்ப்பக்கத்தில் எங்களுக்கு அடுத்த வயலில், கிழவி சுமினியின் நாற்றங்கால் காய்ந்து நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

 பர்ஜானைப் பார்த்தேன். அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்மேல் உள்ள பிரியம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் உதவி செய்வது இப்படித்தான், கேட்காமல், சொல்லாமல், ராத்திரியோடு ராத்திரியாக.

கிராமத் தலைவர் அனுப்பிய ஆள் தொண்டையைச் செருமிவிட்டு மலையைப் பார்க்கத் தொடங்கினான்.

"இந்த வாழை காலார நடந்து வந்து களைச்சுப் படுத்துக்கிச்சா?" என்றார் பாக் மர்கோனோ.



எனக்கு முடிந்துவிட்டது என்று தோன்றியது. தண்ணீரை அடைத்து ஏமாற்றப் பார்த்தார்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். நிலமும் போகும், பர்ஜானும் பஞ்சாயத்தில் நிற்பான், அடுப்பும் அணையும். ஏழு பேருக்கும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சட்டைக் கையை மடித்தார். "தம்பி, ஒரு கை குடுங்க. தனியா இழுக்க வராது."

பர்ஜான் இறங்கினான். வேறு வழியில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வாழை வழுக்கி பர்ஜான் இடுப்பளவு தண்ணீரில் விழுந்தான். பாக் மர்கோனோ அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, "சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் அடைச்சிருக்காங்க, யாரோ. இவ்வளவு வேலைக்கு அடுப்பே கட்டியிருக்கலாம்," என்றார். மரம் நகர்ந்தது. தண்ணீர் ஒரு சத்தத்தோடு போனது.

பிறகு அந்த மனிதர் ஓடினார். ஐம்பத்தைந்து வயதில், முழங்கால்வரை சேறோடு, தண்ணீருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று கரைமேல் ஓடினார். நாங்களும் ஓடினோம். என் முக்காடு மூங்கில் முள்ளில் மாட்டியது. நாங்கள் பலா மரத்தடிக்கு வருவதற்குள் தண்ணீர் எங்கள் நிலத்துக்குள் நுழைந்துவிட்டது.

குந்தி உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் சரிவில் மெல்ல ஏறியது. எலிவளைகளை நிரப்பியது. காய்ந்த வாழைச் சருகுகளைத் தூக்கித் திருப்பிப் போட்டது. ஒரு முழம், இன்னொரு முழம். நான் மனதுக்குள் ஓதிக்கொண்டிருந்தேன். என்ன கேட்டு ஓதினேன் என்று இப்போது நினைவில்லை. பலா மரத்தின் வேர்வரை வந்து நனைத்தது. அங்கே நின்றுவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. கையைத் தரையில் பதித்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தபடி பிற்பகல் அஸர் பாங்கு கேட்கிறவரை இருந்தார். தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை.

மேட்டிலிருந்த மரவள்ளிக் குச்சிகளை ஒடித்துவரச் சொன்னார். ஈரம் முடிகிற இடத்தில் வரிசையாக ஊன்றிக்கொண்டே போனார். குச்சி ஊன்றியபடியே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"இதுக்குக் கீழ நெல்லு. முடியாது இபு. இதுக்கு மேல தண்ணி வரல. வரலன்னு எழுதுவேன்."

"கீழதான் பாக் தட்டி போடலாம்னு இருந்தேன். வெயில் அங்கதான் நல்லா விழும்."

"தெரியும்."

அவ்வளவுதான். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது கிழவி சுமினியின் நாற்றங்காலுக்கு ஒருமுறை இறங்கி, அங்கே தண்ணீர் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டுப் போனார்.

வாழையைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. பர்ஜான் ஒரு மாதம் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை. ஒப்புதல்தான் வந்தது, மேட்டுக்கு மட்டும், பாதிக்கும் குறைவான நிலத்துக்கு. நோன்பு தொடங்குவதற்கு முந்தின வாரம் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு போனோம். எதிர்வீட்டுக்காரி தானே வந்து தட்டிகளைத் தலையில் சுமந்தாள். சமன் நிலம் போதாததால் தட்டிகளை மாடி மாடியாக அடுக்கிக் காயவைக்கிறோம். அடித்தட்டில் இருப்பது காய ஒரு நாள் கூடுதலாகும். மழைக்காலத்தில் திண்டாட்டம்தான். ஏழு பேரும் இருக்கிறோம்.

அடுப்பு மூட்டிய அன்று மஞ்சள் சோறு ஆக்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தோம். அவருக்கும் சொல்லியனுப்பினேன். வரவில்லை. "இன்னும் உரிமம் கைக்கு வரல, வந்தப்புறம் சாப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டார். உரிமம் வந்த பிறகு நான் மறந்துவிட்டேன்.

அவர் ஊன்றிய குச்சிகள் துளிர்த்துவிட்டன. மரவள்ளி அப்படித்தான், எங்கே குத்தினாலும் வளரும். இப்போது எங்கள் நிலத்துக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு வேலி நிற்கிறது. அதற்குக் கீழே பர்ஜான் நெல் போடுகிறான். வேலியைக் கடந்து போகும்போதெல்லாம் "பாக் முடியாது போட்ட கோடு" என்று ஒரு தடவை முணுமுணுத்துக்கொள்வான். அவனுக்கு அந்தக் கீழ்த்துண்டில் ஒரு மாவுக் கிடங்கு கட்ட ஆசை. மேட்டில் மூட்டை வைக்க இடமில்லை என்பதும் உண்மைதான்.

போன மாதம் அவருக்கு மலைக்கு அந்தப் பக்கத்து வட்டார அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. ஒரு பிற்பகல், தட்டிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது, சாலைப் பக்கம் மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. ஆளைக் காணவில்லை. நேரம் கழித்துத்தான் பட்டறை வாசலில் வந்து சலாம் சொன்னார். பத்திக் சட்டை, பழுப்பில் மயில். அன்று வியாழக்கிழமை, எங்கள் முறைத் தண்ணீர் நாள்.

"போறேன் இபு. சொல்லிட்டுப் போலாம்னு."

பெண்கள் எழுந்து நின்றார்கள். நான் தேநீர் போட்டேன். உரிமம் சுவரில் மாட்டியிருந்தது. அதை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு டம்ளரை வாங்கிக்கொண்டார். நின்றபடியே முழுக்கக் குடித்தார். பொரித்த கெருபுக் ஒன்றை எடுத்துக் கடித்து, மென்றுகொண்டே யோசித்தார்.

"எப்படி பாக் இருக்கு?" என்றாள் ஒருத்தி.

"உப்பு கூட."

எல்லோரும் சிரித்தோம். உண்மையில் அன்று உப்பு கூடத்தான். இருந்தும் இன்னொன்றை எடுத்தார். நான் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தேன். மறுக்கவில்லை. கை கழுவப் போனவர், எங்கள் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ரப்பர் வளையத்தை எடுத்து மாட்டிவிட்டு வந்தார்.

பர்ஜான் சாலைவரை கூட நடந்தான். நானும் போனேன். அவனுக்குப் பழைய பயம் போய்விட்டிருந்தது. பையை வண்டியில் மாட்டிவிட்டு, பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகக் கேட்டான்:

"பாக், இனி இந்த ஜன்னல்ல நீங்க இல்ல. போறதுக்கு முன்னாடி அந்தக் கீழ்த்துண்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமில்ல? ஒரு சின்னக் கிடங்குதான். புதுசா வர்றவரு உங்க பேச்சத் தட்ட மாட்டாரு."

அப்போதுதான் அவர் கால்களைக் கவனித்தேன். வெறுங்கால். செருப்பு ஜோடியாக வண்டியின் முன்கூடையில் கிடந்தது. கால்சட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தது. ஆடுசதைவரை கறுப்புச் சேறு, இன்னும் காயாமல்.

வண்டியை மிதித்துக் கிளப்பினார். கழுத்தை நீட்டி பர்ஜானின் கண்ணைப் பார்த்தார்.

"முடியாது தம்பி. இப்பதான் இறங்கிப் பாத்துட்டு வரேன். தண்ணி இன்னும் பலா மரம்வரைக்கும் வருது."